எதிர் மலை ஹார்ன்

மறுநாள் சசிரேகாவுக்கு இயற்பியல் மறுதேர்வு. பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் எஸ்.டி.பி.எம் பரீட்சையில் போன தடவை அதில்தான் கவிழ்ந்தாள். இந்தத் தடவையும் கவிழ்ந்தால் பல்கலைக்கழகம் கிடையாது. கியா பார்ம் கடையில் ஸ்ட்ராபெரி நிறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சனி, ஞாயிறுகளில் அவளும் தோழி ஹிதாயாவும் அங்கே கிராம் பார்த்துப் பார்த்துப் பெட்டியில் அடைப்பார்கள். ஹிதாயாவும் அதே பாடத்தில் கவிழ்ந்தவள்தான். ஜோடிப் பொருத்தம் அப்படி.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்னால் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு தாளில் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். இருபத்தேழு டிகிரியில் நைட்ரஜன் மூலக்கூறு என்ன வேகத்தில் ஓடும்?

"செகண்டுக்குப் பதினாறு புள்ளி மூணு மீட்டர்," என்றாள் சசிரேகா.

"எனக்கும் அதேதான்லா!"

இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்த பிறகு சந்தேகம் எதற்கு? பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

அப்போது எதிர் மலை வளைவில், பனிமூட்டத்துக்குள், கொழுந்து லோரியின் விளக்கு மின்னியது. கூடவே ஹார்ன். ஓட்டுவது சசிரேகாவின் அப்பா காளிமுத்து. குறுகலான அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் விளக்கு மின்னி, ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சசிரேகா கடித்த பிஸ்கட்டை மெல்லவில்லை.

"ஹிதாயா, அந்த மலை முந்நூறு மீட்டர் தூரமாவது இருக்கும்ல? காத்துல இருக்குற நைட்ரஜனே செகண்டுக்குப் பதினாறு மீட்டர்தான் ஓடும்னா, சத்தம் வந்து சேர இருபது செகண்ட் கிட்ட ஆவணுமே. உடனே வந்துருச்சேடி!"

இரண்டு பேரும் தாளை மறுபடி பார்த்தார்கள். சூத்திரம் சரி. வெப்பநிலையும் சரி. மிச்சம் இருந்தது நைட்ரஜனின் மூலக்கூறு எடை, இருபத்தெட்டு.

"கிராமுலயே போட்டுட்டோம்டி! கிலோவுல போடணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஹிதாயா.

திரும்பப் போட்டார்கள். ஐந்நூற்றுப் பதினேழு. போன தேர்விலும் கிராமில் போட்டுத்தான் கோட்டை விட்டோம் என்பது சசிரேகாவுக்கு இப்போது உறைத்தது. சொல்லித்தர ஆளில்லாத அந்தத் தப்பு கடைசி நாளில் கையில் சிக்கியதே, அதுவே பெரிய நிம்மதி.

மறுநாள் தேர்வில் அதே வெப்பநிலையில் ஹைட்ரஜன் வந்தது. சசிரேகாவின் பழகிய கை எடையை இரண்டு என்றே எழுதியது. அதை அடித்துவிட்டுக் கிலோவில் எழுதினாள்.

வெளியே வந்ததும் ஹிதாயா, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து..." என்று ஆரம்பிக்க, "முப்பத்து நாலு!" என்று இவள் முடித்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த அப்பாவின் கையைப் பிடித்ததும் சசிரேகாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா, எந்த வளைவுலயும் ஹார்ன் அடிக்காம வராதீங்கப்பா."

காளிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அடிக்காம வந்தா மேனேஜர் என் சீட்டைக் கிழிச்சிடுவாரு. பரீட்சை என்னம்மா ஆச்சு?"

"அதைத்தான்ப்பா சொல்றேன்," என்றாள், கண்ணைத் துடைத்தபடி.