அக்கா உட்கார்ந்த பிறகு இறுக்கியது

அக்காவின் ராஜினாமாக் கடிதம் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பறந்துவிடாமல் இருக்க மேலே உப்பு ஜாடி. கையெழுத்து மட்டும் பாக்கி. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்குத் தலைமையாசிரியையான அவள் போய்ச் சேரவில்லை என்றால் கடிதம் போய்ச் சேரும். அக்கா எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறாள். என்னைத் திட்டுவதற்காக மாடிகூட ஏறுகிறாள். சிக்கல் எல்லாம் பள்ளிக்கூடம் வரைக்குமான ஆறு கிலோமீட்டரில் இருந்தது. முதல் தடவை வாடகைக் காரில் கிளம்பினாள். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். அதில் கார் இறங்கியபோது அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் வாசல் கேட்டைத் தாண்டவில்லை.

இந்தக் காலத்துக் கார்களில் பாதி உடம்பை மடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஷெட்டில் நிற்கிற அப்பாவின் காருக்கு அறுபது வயது. கதவு உயரம். சீட்டு கூடத்து சோபா மாதிரி நிமிர்ந்து இருக்கும். இஞ்சினில் குறை இல்லை. அடியில்தான் எல்லாம் போயிருந்தது. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்து, அதன் இணைப்புகளில் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க வைக்கிற ரப்பர் புஷ் எல்லாம் பொடியாகிவிட்டது. நான் கடைசல் பட்டறை வைத்திருப்பவள். தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவச் சொன்னால் சீவுவேன். எனக்கு இது ஒரு வேலையா என்று இறங்கிவிட்டேன்.

ஸ்பிரிங்கை வளைவு ஏற்றிக்கொண்டு வந்தேன். புஷ்ஷுக்கு உள்ளே போகிற இரும்புக் குழாய்களை நானே கடைந்தேன். ஷாக் அப்சார்பர் புதிது. காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். சனிக்கிழமை காலை அக்காவை ஏற்றிக்கொண்டு மாமா ஓட்டினார். மாமா என்றால் அக்காவின் கணவர். மருந்துக் கடை வைத்திருப்பவர், வார்த்தையையும் மாத்திரை மாதிரி எண்ணித்தான் கொடுப்பார்.

தெருமுனை வரைகூடப் போகவில்லை. கார் திங்கு திங்கென்று குதித்தது. அக்கா இறங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பி வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் பேனா எங்க?" என்றாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றேன்.

"இன்னும் எத்தன தடவ என்னைக் குலுக்கிப் பாக்கணும்? நான் என்ன உண்டியலா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள்மேல் இல்லை, கார்மேல். ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அது உருண்டு காருக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. எடுக்கப் படுத்தவள் டார்ச்சை அடித்தேன். புது ரப்பர் ஒவ்வொன்றும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் முதல் வேலையே இறுக்குவதுதான். இறுக்காமல் கடைசல் இயந்திரத்தை ஓட்டினால் இரும்பு பறந்து முகத்தைப் பெயர்த்துவிடும். அந்தப் பழக்கத்தில், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கியிருந்தேன். ரப்பர் தொங்குகிற நிலையிலேயே பிடிபட்டுப்போனது. தரையில் இறக்கியதும் ஸ்பிரிங் அமுங்கப் பார்க்கிறது, ரப்பர் விட மாட்டேன் என்கிறது. போல்ட்டை எல்லாம் தளர்த்திவிட்டு, யார் உட்காரப் போகிறார்களோ அவர்களை உட்கார வைத்து, கார் தானாகப் படிந்த பிறகுதான் இறுக்க வேண்டும்.

இதை அக்காவிடம் சொல்லிச் சம்மதிக்க வைப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

"கார் நகராதுல்ல?" என்று நாலு தடவை கேட்டாள்.

"சாவிய நீயே வச்சுக்கோ."

நாலு சக்கரத்துக்கும் அடியில் தடித்த பலகைகளைப் போட்டு, அடைப்புக் கட்டை கொடுத்து, நான் கீழே நுழைந்தேன். மாமா ஸ்டியரிங் பக்கம், அக்கா அவர் பக்கத்தில். என் எடைக்குப் பதிலாகப் பின் சீட்டில் இரண்டு சிமெண்ட் மூட்டைகள்.

"ஒரு மூட்டை போதாதா?" என்றாள் அக்கா.

"ரெண்டும் பத்தாதுன்னு நெனக்கிறேன்," என்றார் மாமா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

நட்டுகளைத் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் விடுபடும்போது கார் ஒரு முனகல் முனகி, கொஞ்சம் இறங்கியது. மேலே அக்கா மூச்சைப் பிடிப்பது தெரிந்தது.

"சீட்டு நுனியில உக்காராத. சாஞ்சு உக்காரு. அப்பதான் எடை சரியா வரும்."

"சாஞ்சுதான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. எனக்கு இங்க தெரியுது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சும்மா அடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து சீட்டு கிறீச்சிட்டது. சாய்ந்துவிட்டாள்.

"ஏய்," என்று கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "வலிகூட இல்லடி. வலிச்சிருமோன்னு இருக்கு பாரு, அதான். ராத்திரி படுத்தாலும் அந்தப் பள்ளம்தான் வருது."

எட்டு மாதத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் ஓடியது, அதைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

"அசையாம இரு. இறுக்கப் போறேன்," என்றேன்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். கேட்டைத் தாண்டும்போதே அக்கா கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். பாதியில திரும்பினா, அப்படியே தபால் பெட்டியில போட்டுடலாம்."

மாமா கியரை மாற்றினார். அவள் பக்கத்துக் கதவுக் கண்ணாடி மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. அதைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. தெரு திரும்பியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கைப்பையை இறுகப் பிடித்தாள்.

பள்ளம் வந்தது. மாமா வேகத்தைக் குறைத்தார். முன்பக்கம் இறங்கி ஏறியது, பின்பக்கமும் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். நான் அக்காவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பாலம் ஏறி இறங்கி, கார் நேர் ரோட்டுக்கு வந்துவிட்டது.

"பாலம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

மாமா பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அது போயாச்சு," என்றார் அவர்.

"எது?"

"பாலம்."

அக்கா கண்ணைத் திறந்தாள். மெல்லத் திரும்பி, எனக்குப் பின்னால் தெரிந்த ரோட்டைப் பார்த்தாள். பாலம் சின்னதாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"முதுகுக்குப் பாத்தவ, காதுக்குப் பாத்தியா? இந்தக் கண்ணாடி உயிர எடுக்குது," என்றாள்.

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து, கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடுக்கில் அழுத்திச் செருகினாள். சத்தம் நின்றது.

"சாயங்காலம் நாலரைக்கு வந்துடுங்க," என்றாள் மாமாவிடம்.