மற்றப் பூனை

1

இந்தக் கதையின் முதல் மூன்று பிரதிகளிலும் ஒரு பூனை இருந்தது. மூன்றிலும் நான் பொய் எழுதினேன். அது நாய்க்குட்டி.

பொய்யைத் தொடங்கியது நான் அல்ல. உம்மு என்ற பெண் பூனை என்றாள்; கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவு மேசையில் இருந்த நான் அப்படியே எழுதினேன். காலை ஆறே முக்கால், இரவுப் பணி முடிகிற நேரம். கொட்டாவியோடு எழுதிய ஒரு சொல். அந்த வேலையில் இப்போது நான் இல்லை. சொல் மட்டும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

அதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்று பிறகு எனக்குச் சொன்னவர் மிருக வைத்தியர் ஜெனூபா. நேரில் 'டொக்டர்' என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். அவர் மன்னிக்க வேண்டும்.

2

இந்தப் பிரதிக்கு எழுதிய முதல் தொடக்கம்: 'மழை வெளுத்து வாங்கிய ஒரு பிற்பகலில், கூடையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண்'

அன்று மழை பெய்யவில்லை. அந்த வரியை அடித்தேன்.

இரண்டாவது: 'வாயில்லா ஜீவன்களுக்கு வைத்தியம் பார்ப்பதென்பது'

இது கட்டுரை. இதையும் அடித்தேன். [ஆனால் அதில் ஒரு வரி தேறியது: மிருக வைத்தியர் நோயாளியிடம் எதுவும் கேட்க முடியாது, கொண்டுவந்தவரிடம்தான் கேட்க வேண்டும். கொண்டுவந்தவர் பொய் சொன்னால் வைத்தியம் அந்தப் பொய்யிலிருந்துதான் தொடங்கும்.]

மூன்றாவது:

ஜெனூபாவின் அறைச் சுவரில் கையால் எழுதிய ஓர் அறிவித்தல் இருக்கிறது. 'பூனைக்குக் காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் கொடுக்காதீர்கள். அரைக் குளிசையும் கொல்லும்.' அன்று காலை ஆறு பூனைகள் வந்து போயிருந்தன. ஒன்றுக்குச் சொறி, ஒன்றுக்கு வயிற்றில் பூச்சி, ஒன்றுக்கு மூன்று நாளாகச் சிறுநீர் போகவில்லை. நாய் எதுவும் வரவில்லை. முஸ்லிம்கள் வாழும் இந்த ஊர்களில் நாய் வருவது குறைவு.

ஏழாவதாக, மீன் கூடையைப் பழைய சேலையால் மூடிக்கொண்டு உம்மு வந்தாள். சாய்ந்தமருதுக்காரி, நாற்பது வயதிருக்கும்.

"பூனைக்கு என்ன ராத்தா?"

"வாய மூடுதில்ல டொக்டர். வீணி வடியுது. ரெண்டு நாளா ஒண்டும் தின்னுதில்ல."

ஜெனூபா சேலையை விலக்கினாள். உள்ளே ஒரு மண்ணிற நாய்க்குட்டி. கீழ்த்தாடை தொங்கியபடி மேலே பார்த்தது. வெளியே வாங்குப் பலகையில் நாலு பேர் இருந்தார்கள். கதவும் திறந்துதான் கிடந்தது. அவள் சேலையைத் திரும்ப மூடினாள்.

"இந்தப் பூனைக்கு ஊசி போட்டீங்களா?"

"வீட்டுப் பூனைக்கு நீங்கதானே போட்டீங்க. கார்டும் இரிக்கி. இது..." உம்மு கதவைப் பார்த்தாள். "இது மத்தப் பூனை."

"ஆட்டோக்காரனுக்கு என்னென்டு சொன்னீங்க?"

"பூனை என்டுதான். இல்லாட்டி ஏத்துவானா? வழியில ஒருக்கா குரைச்சிட்டு டொக்டர். பூனைக்குச் சளி என்டன்."

ஜெனூபா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சிரிப்பை அடக்கத்தான் முதலில் போனாள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

3

வாய் தொங்கி வீணியாய் எச்சில் வடிகிற நாய்க்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வாய்க்குள் ஏதோ சிக்கியிருக்கும். இல்லாவிட்டால் விசர், அதாவது வெறிநோய். வெளித்தோற்றம் இரண்டுக்கும் ஒன்றே. என்ன சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை.

"கைய விட்டீங்களா ராத்தா?"

"காலையில விட்டன். எலும்பு கிடக்கா என்டு பார்த்தன். பல்லுப் பட்டிச்சு. கழுவியாச்சு."

"என்னத்தால கழுவின?"

"ஏழு தரம் கழுவின டொக்டர். ஒருக்கா மண்ணோட." குறை வைக்கவில்லை என்கிற நிம்மதி அவள் குரலில் இருந்தது.*

உம்முவின் நடுவிரலில் சின்னக் கீறல். அதற்குள் இன்னும் மண் இருந்தது. ஜெனூபா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், மணிக்கூட்டைப் பார்த்து, கால் மணித்தியாலம் சவுக்காரம் போட்டுக் கழுவவைத்தாள். உம்மு ஒவ்வொரு தடவையும் எண்ணினாள். ஏழுக்குப் பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததில் அவளுக்குக் கணக்குத் தப்பிவிட்டது.

பிறகு ஜெனூபா இரட்டைக் கையுறை போட்டு, குட்டியை ஊசியால் மயக்கி வாயைத் திறந்தாள். மேல் அண்ணத்தில், பல்லுக்குப் பல் குறுக்கே, பாரை மீன் எலும்பு ஒன்று. இடுக்கியால் எடுத்தாள். மயக்கம் தெளிந்ததும் குட்டி வாயை மூடியது. தண்ணீர் நக்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப விசரில்ல."

"எலும்பு இருந்தது சரி ராத்தா. எலும்பு சிக்கின வாய்க்கு விசர் வராது என்டு எங்கயும் எழுதியில்ல."

ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்: ஊசி போடாத நாயின் பல் பட்டிருக்கிறது, இவருக்கு உடனே தடுப்பூசி தொடங்கவும். குட்டியைக் கட்டிவைத்துப் பதினாலு நாள் பார்க்கவும் சொன்னாள். அதுவரை உயிரோடும் சுகமாகவும் இருந்தால் பயமில்லை. ஆனால் ஊசியைப் பதினாலு நாள் தள்ளிப்போட முடியாது.

உம்மு துண்டை வாசித்தாள். "நாய் என்டு போட்டிரிக்கீங்க" என்றாள்.

* எங்கள் வழக்கில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண் கலந்து. அது தொழுகைக்கான சுத்தம். ஜெனூபா கேட்டது காயத்தைப் பற்றி, உம்மு பதில் சொன்னது எச்சிலைப் பற்றி. 'கழுவியாச்சு' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும்.

4

இங்கே எனக்கு உம்முவில் சந்தேகம் வந்தது. ஒரு வக்து தொழுகை தவறாத பெண் எதற்கு நாய் வளர்க்கிறாள்? பிள்ளையில்லாத சோகம் என்று எழுதினேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள். கருணை என்று எழுதினேன். கருணை என்று எழுதினால் வாசகர் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார். அதனாலேயே அடித்தேன்.

ஜெனூபாவும் அவளிடம் கேட்டிருக்கிறாள்.

"அது வந்திட்டு" என்றாளாம் உம்மு. வேறொன்றும் சொல்லவில்லை. நானும் வேறொன்றும் எழுதவில்லை.

5

அடுத்த நாள் காலை ஆறே முக்கால், என் மேசை.

"என்ன கடிச்ச?"

"பூனை."

"வீட்டுப் பூனையா? ஊசி போட்டதா?"

அவள் கார்டை நீட்டினாள். உண்மையான பூனையின் உண்மையான கார்ட். ஜெனூபாவின் கையெழுத்தும் இருந்தது. மற்றக் கை எதையோ பொத்திப் பிடித்திருந்தது. அது அந்தத் துண்டு என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'வீட்டுப் பூனை. ஊசி போட்டது. சுகமாக உள்ளது.'

உள்ளே வைத்தியர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? என் எழுத்தைத்தான் வாசித்திருப்பார்கள். பூனையைப் பதினாலு நாள் பாருங்கள், அதற்கு ஏதும் நடந்தால் வாருங்கள். அவள் ஊசி இல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

6

பல் பட்ட பன்னிரண்டாம் நாள், என் பூனையின் சொறியைக் காட்டப் போனேன். மேசை வேலையை அதற்குள் விட்டிருந்தேன்; ஜெனூபாவுக்கு அது தெரியாது.

"ஒங்கட ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு குடுத்தனுப்பின. ஊசி போட்டாங்களா? அவ தந்த நம்பர் புருஷன்ட, எடுக்க வேணாம் என்டு சொன்னா" என்று ஜெனூபா முழுவதையும் சொன்னாள்.

நான் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு அப்படியே போனேன்.

வாசலில் உம்முவின் கணவர் மீராமுகைதீன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் இருந்தவன் என்றேன்.

"ஆஸ்பத்திரியால ஆள் வந்திரிக்கி" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

உம்மு கொழுத்த பூனையொன்றைத் தூக்கி வந்து என் முன்னால் பிடித்தாள். "பாருங்க தம்பி, நல்லாத்தான் இரிக்கி."

"மத்தப் பூனை?"

அவள் பூனையைக் கீழே விட்டாள். கணவரைப் பார்க்கவில்லை. அவர்தான் வலையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"அது குசினிக்குப் பின்னால. காலையில சோறு தின்ட. நான்தான் வெச்ச."

உம்மு அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படிக்குப் பின்னாலிருந்து ஒரு குரைப்பு வந்தது.

"நல்லாத்தான் கத்துது" என்றார் அவர். "வாயும் மூடிட்டு."

"காக்கா" என்று அண்ணன் முறையில் அவரைக் கூப்பிட்டேன். "பதினாலுக்கு இன்னும் ரெண்டு நாளிரிக்கி. பிழையா எழுதினது நான். இன்டைக்கே போய் ஊசியத் தொடங்குங்க."

"நீ அந்த மேசையில இருப்பாயா?"

"இல்ல. விட்டிட்டன்."

"அப்ப வேற ஆரோ கேப்பான்." வலையை உதறிவிட்டு எழுந்து சட்டையைத் தேடினார். "வா புள்ள" என்றார் உம்முவிடம்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் எல்லோரும் சுகம். அதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவதை எழுதி முடிக்க என்னால் முடியவில்லை. மூன்றாவதில் நான் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையில் போகவில்லை. ஆட்டோ முனையில் திரும்பி மறையும்வரை தெருவில் நின்றேன், அவ்வளவுதான்.

ஆகவே என் கதிரை காலி. நீங்கள் உட்காருங்கள். பேனை நூலில் கட்டிக் கிடக்கும். பின்னால் வரிசை நீளமாக இருக்கும். உம்மு வந்து நிற்கிறாள், பக்கத்தில் மீராமுகைதீன். நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கிறீர்கள். அவள் அவரைப் பார்க்கிறாள், கார்டைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள்.

நாய் என்றால் நாய் என்று எழுதுங்கள்.

பூனை என்றால், அவசரப்படாமல், எந்தப் பூனை என்று கேளுங்கள்.