புளி போட்டுத் தேய்த்த முள்கரண்டிகள்

“எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க, மொதலாளியம்மா.”

பின்வாசல்படியில் நின்ற முருகம்மாள் மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். திரும்ப வேலைக்குச் சேர்க்கச் சொல்லு, வேண்டுமானால் காலில்கூட விழுகிறேன், அந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று நாரணாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் சொல்லியிருந்தாள்.

“ஏத்தா மாரிசெல்வி, படிச்சா இப்படித்தான் பேசச் சொல்லுமோ?” என்றாள் முதலாளியம்மா சுப்புத்தாய்.

“பேசத்தானே படிச்சேன்.”

சாப்பாட்டு மேசையில் அந்தக் கரண்டிப் பெட்டி திறந்து கிடந்தது. அவள் மகன் மகேஷ்குமார் புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக்கார வீட்டுச் சாமான்களோடு ஏலத்தில் எடுத்தது. பன்னிரண்டு பேருக்குக் கரண்டி, முள்கரண்டி, கத்தி. மீன் சாப்பிடத் தனிக் கத்தி. மாரிசெல்வியும் வேலை பார்க்கும் தன் அச்சாபீஸுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விருந்து வைப்பதற்காக வாங்கினான். எல்லாம் கறுத்துப்போய் வந்திருந்தன. “வெளக்குத் தேய்க்கிற மாதிரி நல்லா அமுக்கித் தேயி” என்று புளியும் செங்கல்பொடியும் எடுத்துக் கொடுத்தவள் சுப்புத்தாய்தான். முருகம்மாள் இரண்டு நாள் உட்கார்ந்து முள்கரண்டிகளைத் தேய்த்தாள். மூன்றாம் நாள் நுனியெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. வெள்ளியை எடுத்துக்கொண்டு பித்தளையை வைத்துவிட்டாள் என்றாகிவிட்டது. பன்னிரண்டு வருட வீட்டு வேலை அன்றோடு போனது.

பிறகு முருகம்மாள் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். அங்கே உள்ளே நுழையும்போது தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று எல்லாரையும் சோதிப்பார்கள். வெளியே போகும்போது யாரையும் தொடுவதில்லை. திருடி என்ற பேச்சு அங்கேயும் எட்டியிருந்ததால் முருகம்மாளின் தூக்குவாளியை மட்டும் திறந்து பார்த்தார்கள். சேர்ந்து வேலை பார்க்கும் பொம்பளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மாரிசெல்வி உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து மஞ்சளேறிய முள்கரண்டி ஒன்றையும் தேய்க்காத கரண்டி ஒன்றையும் எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

“ரெண்டுலயும் பின்னால ஒரே முத்திரை, பாத்தீகளா? எண்பத்திநாலுன்னு நம்பர். தேய்க்கையில அம்மா பாத்துச் சொன்னதை வச்சு பிரவுசிங் சென்டர்ல தேடிப் பாத்தேன். அது ஒரு செட்டுக்குப் பூசுன வெள்ளி எத்தனை கிராம்னு போடுறது. மேல முலாம், உள்ள வேற உலோகம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவ சொல்றேன். செங்கல்பொடி வச்சுத் தேய்ச்சா முலாம் நிக்குமா? யாரும் எதையும் மாத்தல.”

சுப்புத்தாய் முத்திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்றையும். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“நம்ம வீட்ல வெள்ளின்னா முழுசும் வெள்ளிதானத்தா. பூசி வச்சிருப்பான்னு யாரு கண்டா?” குரல் இறங்கிவிட்டது. “நாந்தான் தேய்க்கச் சொன்னேன்னு மகேஷுக்குத் தெரியாது. வெள்ளைக்காரங்க வர்ற அன்னைக்கு என்னைய ரூமுக்குள்ளயே இருக்கச் சொல்லிட்டான். எந்தக் கைல முள்ளு, எந்தக் கைல கத்தின்னு எனக்குத் தெரியாதாம். இதுவும் தெரிஞ்சா…”

மாரிசெல்வி கையிலிருந்த கரண்டியைப் பெட்டியில் வைத்தாள். வைரத்தோட்டோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

“முருகா, தெரியாமச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத. நாளைக்கே வேலைக்கு வந்துரு” என்றாள் சுப்புத்தாய், முருகம்மாளைப் பார்த்து.

“ஐயோ, நீங்க போயி என்கிட்ட…” முருகம்மாள் அழுதுவிட்டாள்.

“இங்கன சொன்னா பத்தாது” என்றாள் மாரிசெல்வி. “கம்பெனி கேட்ல வந்து சொல்லுங்க. அங்கதான எங்கம்மா வாளியத் தொறக்காக.”

சுப்புத்தாய் பெட்டியை மூடினாள். “அது மட்டும் என்னால ஆகாதுத்தா.”

“சரி. அப்ப நானே சொல்றேன். அஞ்சு மணிக்கு கேட் விடும், அம்புட்டுப் பேரும் இருப்பாக. யாரு புளி குடுத்தா, யாரு தேய்க்கச் சொன்னான்னு சொல்லப்போறேன்.”

“ஏய், அச்சாபீஸ்ல ஒன் வேலை போயிரும்டி!” என்றாள் முருகம்மாள்.

“காலைலயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்மா.”

மாரிசெல்வி பின்வாசல் பக்கம் திரும்பாமல் கூடத்தின் வழியாக நடந்து, முன்கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள்.