மூணு மார்க்கு

ஜானட் பார்க்கிற வேலையை மாமியார் லூர்துவுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. "டாக்டருங்க நோயாளியப் பத்தி சுருக்கி சுருக்கிப் பேசி அனுப்புவாங்க அத்தை. அத நான் காதுல கேட்டு, நீட்டி டைப் அடிக்கணும்."

"நீட்றதுக்கு சம்பளமா? எங்கம்மா ஓசிலயே நீட்டுமே!" என்பான் டெரிக். காசிமேட்டில் மீன் விற்கிற லூர்து, செதில் ஒட்டிய கையோடு மகனை அடிக்க ஓடுவாள்.

சுருக்குவதிலும் தினுசு உண்டு. பி.பி., ஐ.சி.யு. என்று எழுத்தெழுத்தாகச் சொல்வது ஒன்று. எய்ட்ஸ் மாதிரி எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக்குவது இன்னொன்று. லேப் மாதிரி வாலை நறுக்கிவிடுவதும் உண்டு. லூர்து எல்லாருக்கும் மேலே போனவள். ஞானஸ்நானத்தில் ஃப்ரெடரிக் என்று பெயர் வாங்கிய பிள்ளையின் தலையை நறுக்கிவிட்டு டெரிக் ஆக்கினாள். அந்த டெரிக் தன் பெண்டாட்டியை 'ஜா' ஆக்கினான். வேறு யாரும் அப்படிக் கூப்பிட ஜானட் விட்டதே இல்லை.

ஹார்பர் வேலை முடிந்து பைக்கில் வந்தவனை எண்ணூர் ரோட்டில் ஒரு டிரைலர் தட்டிவிட்டது. உடம்பில் பெரிய காயமில்லை. அடியெல்லாம் தலையில்.

ஐ.சி.யு. வாசலில் டாக்டர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஜி.சி.எஸ். த்ரீ. டி.என்.ஆர். பத்தி ஃபேமிலிகிட்ட பேசணும்." அந்த இரண்டையும் ஜானட் எத்தனையோ பேருக்கு நீட்டி அடித்திருக்கிறாள், பக்கத்தில் டீயை வைத்துக்கொண்டு.

"இன்னாமே சொன்னாரு?" லூர்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நீட்டவேண்டிய நேரத்தில் ஜானட்டின் நாக்கு சுருங்கிவிட்டது. "மார்க்கு அத்தை. நெனவு எவ்ளோ இருக்குன்னு மார்க்கு போடுவாங்க. மூணு."

"எத்தினிக்கு?"

"பதினஞ்சுக்கு."

"முட்ட இல்லல்ல? மூணு கீதுல்ல?" லூர்துவின் முகம் தெளிந்தது. "கணக்குப் பரீட்சைல இத்த விட கம்மியா வாங்கினு வந்தவன்தான்டி அவன்! ஏறிடுவான் பாரு."

சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்தப் பெண். எந்த வாயால் சொல்வாள்? லூர்து சௌக்கத் அலியின் ஆட்டோவைப் பிடித்து ராயபுரம் அந்தோணியார் கெபிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மூணு மார்க்கு என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள், மீன்காரிகளிடமெல்லாம் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் ஓடிவந்தாள்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"மூணுதான் அத்தை."

"கொறயலல்ல? அது போதும்."

மத்தியானம் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இதயம் நின்றுபோனால் நெஞ்சை அமுக்கி ஓடவைக்கப் பார்க்கலாம். எலும்பு முறியுமே தவிர, பிள்ளை திரும்பமாட்டான். அமைதியாகப் போகவிடலாமா? டி.என்.ஆரை நீட்டினால் இதுதான்.

லூர்து எழுந்துவிட்டாள். "மூணு மார்க்கு வச்சிக்கினு கீறான் எம் புள்ள! வுட்ருன்றியா? நீயெல்லாம் டாக்டரா?"

ஜானட் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் உட்காரவைத்து, காலடியில் தானும் உட்கார்ந்தாள். "அத்தை, கண்ணத் தொறந்தா மார்க்கு. பேசுனா மார்க்கு. கை கால அசைச்சா மார்க்கு. எதுவுமே பண்ணலன்னாலும் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு போட்ருவாங்க. சைபர்ன்றதே அதுல கெடயாது. மூணுதான் கடைசி."

லூர்து அவளையே பார்த்தாள். "அப்போ முட்டயத்தான் மூணுன்றாங்களா?"

"ஆமா அத்தை."

"அய்யோ, நான் அந்தோணியார்கிட்ட நாலு கேட்டுக்கினு கீறேனே."

ஜானட்டுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். "நானும்தான் அத்தை. ஒரே ஒரு வாட்டி 'ஜா'ன்னு கூப்ட்டா போதும்னு அவர் வாயையே பாத்துக்கினு இருந்தேன்." லூர்துவின் கை அவள் முதுகில் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து லூர்து எழுந்து முகத்தைத் துடைத்தாள். டாக்டரிடம் போய்த் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு மகனின் கட்டிலருகே போய், அவன் காதோரம் குனிந்தாள். ஞானஸ்நானத் தொட்டியருகே ஃபாதர் கேட்டபோது சொன்னதற்கு அப்புறம், அவள் அந்தப் பெயரை முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"ஃப்ரெடரிக்கு," என்றாள். "பரீட்ச எய்தினது போதும் நைனா. நீ கெளம்பு."