நாலாம் மாதம் பத்து

நாரே மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது யோன்ஸுக் சோயா முளைகளின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தட்டை ஒதுக்கி இடம் கொடுத்தாளே தவிர கை நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க அக்கா. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது வேணுமான்னு கேக்கலாம்னுதான் வந்தேன்."

அழிக்கப்போவது யோன்ஸுக்கின் கணவன் பியோங்ஹோவின் நினைவுக் கிடங்கை. தேஜான் நகரில் அவன் நடத்திய, நாரே வேலைபார்த்த சின்ன நிறுவனத்தில் ஏஐ உதவியாள்களுக்கு ஒரு கருவி செய்தார்கள். உதவியாள் சேர்த்துவைக்கும் ஆயிரக்கணக்கான குறிப்புகளுக்குள் எது எதோடு சேர்ந்தது என்று தேடி நூல் கட்டுவது அதன் வேலை. ஒவ்வொரு நூலுக்கும் ஏன் கட்டினேன் என்று ஒரு வரி, எவ்வளவு உறுதி என்று ஓர் எண். அதைச் சோதித்துப் பார்க்கப் பியோங்ஹோ தன் சொந்த வாழ்க்கையையே கொடுத்திருந்தான். பஸ் டிக்கெட், பல்வலி, அலுவலகச் சண்டை எல்லாவற்றையும் ஆறு வருடமாகத் தன் உதவியாளிடம் சொல்லிவந்தான். போன டிசம்பரில் மலையேறப் போனவன் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

வேண்டியது ஒன்றுதான் இருந்தது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி.

"வருஷத்துல ஒரு நாள் எங்கேயோ போவான். வசந்தம் முடியுற சமயத்துல. எங்கேன்னு சொன்னதில்ல. கேளு அதை."

நாரே அவளை ஒரு கணம் பார்த்தாள். "அக்கா, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"தெரியாம இருந்து என்ன ஆச்சு?"

நாரே தட்டச்சு செய்தாள். உதவியாள் ஆறு பயணங்களை எடுத்துக் கொடுத்தது. ஆறும் குன்சான் துறைமுகத்துக்கு. மே 14, மே 2, மே 21, மே 10, மே 29, மே 17. தேதிகளில் ஒழுங்கு இல்லை என்றது. நண்டுப் பருவத்தோடு ஒரு நூல் கட்டியிருந்தது. உறுதி பாதிக்குக் கொஞ்சம் மேல்.

யோன்ஸுக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நண்டா! ஒரு கால் தின்னாலே உடம்பெல்லாம் தடிச்சிடும் அவனுக்கு. உங்க கருவிக்குப் புருஷன் இருந்தா இப்படிப் பேசாது."

சிரித்தபடியே ஒரு முளையைக் கிள்ளியவளின் கை அப்படியே நின்றது. ஒரு வருடம் அவன் திரும்பி வந்த பையில் பேரிக்காய் ஒன்று இருந்தது. தலைப்பக்கம் வட்டமாகச் சீவி, வெட்டின இடம் பழுப்பேறியிருந்தது. எவளோடு உட்கார்ந்து தின்றானோ என்று அதைக் குப்பையில் வீசினாள். புகுந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்கு வருடத்துக்கு எட்டுப் படையல் போடுகிறவள் அவள். ஒவ்வொன்றிலும் பேரிக்காயின் தலையை அப்படித்தான் சீவி வைப்பாள். கோபத்தில் அன்றைக்கு அது கண்ணில் படவே இல்லை.

அவன் கிளம்பும் நாட்களில் தெருவில் கோயில் காகித விளக்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

"புத்தர் பிறந்தநாள் லீவு முடிஞ்சு ரெண்டாம் நாள்," என்றாள். "சந்திர மாசக் கணக்குல பாரு."

நாரே கைபேசியில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஆறு தேதிக்கும் ஒரே விடை: நாலாம் மாதம், பத்து.

"கருவிக்குச் சந்திரக் கணக்கே தெரியாது அக்கா," என்றாள் மெதுவாக. "எந்தெந்த நாள்காட்டி வேணும்னு எழுதினது சார்தான். சந்திரக் கணக்கும் சேக்கலாமான்னு நான் கேட்டேன். யாருக்கு வேணும் அதெல்லாம், கிழவங்களுக்கான்னு கேலி பண்ணினாரு."

அவள் பத்து வரி நிரல் எழுதிச் சேர்த்துக் கருவியை மறுபடி ஓடவிட்டாள். முளைகள் முடிந்துவிட்டன. யோன்ஸுக் வெறும் தட்டைத் துடைத்தாள். ஒரு வீடு, ஒரு பெண், ஒரு குழந்தை, எது வந்தாலும் முகம் மாறக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு பயணமும் இப்போது ஒரு பழைய குறிப்போடு கட்டப்பட்டிருந்தன. உதவியாள் அதிலிருந்த தேதியை ஏப்ரல் 10 என்று எடுத்துக்கொண்டு வருடாவருடம் அன்றைக்கு நினைவூட்டியிருக்கிறது. அவனும் வருடாவருடம் "இன்னிக்கு இல்ல" என்று தள்ளியிருக்கிறான். திருத்தவே இல்லை. நாரே ஒலியைப் போட்டாள். அவன் குரல், சளி பிடித்திருந்த ஏதோ ஒரு நாளின் குரல்.

"நாலாம் மாசம் பத்து. சுன்னே அக்கா செத்த நாள். கல்யாணம் ஆகாமச் செத்தவளுக்கு வீட்டுல படையல் கிடையாதுன்னுட்டாங்க. கடலோரம் போய் நானே வெச்சுட்டு வரேன். யோன்ஸுக்கிட்ட சொன்னா ஒன்பதாவதா இதையும் அவ தலையில கட்டிடுவாங்க. எட்டே ஜாஸ்தி அவளுக்கு."

பத்தொன்பது வயதில் குன்சான் ஒட்டுப்பலகை ஆலைக்கு வேலைக்குப் போய், காய்ச்சலில் இறந்த நாத்தனார் சுன்னே. ஒரே ஒரு புகைப்படம் உண்டு. அதை எடுத்தால் மாமியார் எழுந்து போய்விடுவாள்.

"லூசுப் பய," என்றாள் யோன்ஸுக். "எட்டு செய்யுறவளுக்கு ஒன்பது பெரிசா? இதுக்கா நான் இத்தனை வருஷம்..."

திரையில் புது நூலின் அடியில் ஒரு கேள்வி நின்றது: உரிமையாளர் உறுதி செய்யும்வரை இந்த இணைப்பு தற்காலிகமானது. உறுதி செய்யவா?

"உரிமையாளர்னா சார்தான்," என்றாள் நாரே. "நீங்க அழுத்தினாலும் வெள்ளிக்கிழமை போயிடும் அக்கா."

யோன்ஸுக் எழுந்து சுவர் நாள்காட்டியிடம் போனாள். அடுத்த வாரம் புதன். பெரிய ஏழுக்குக் கீழே எறும்பு அளவில் 4.10 என்று சந்திரத் தேதி அச்சாகியிருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தாள். வலைத்துணி சுற்றிய பேரிக்காய்கள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, அடி அழுகியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.