பெயரைத் தரச் சம்மதமா?

அழைப்பு மணி விடாமல் அலறியது. பதிவுத் தபால். உறையில் இணைய நிறுவனத்தின் பெயரைக் கண்டதும், யாருக்கு வந்தது என்றுகூடப் பார்க்காமல் மிட்சுவே பிரித்துவிட்டாள்.

ஜப்பானின் தகமட்சு நகரில் அவள் நடத்தும் நூடுல்ஸ் கடையின் சூப்பில் எலி கிடந்ததாக, யாரோ இணைய அரட்டைப் பலகையில் பெயரில்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பாதிக் கூட்டம் நின்றுபோனது. கடையைக் காப்பாற்ற அவள் நீதிமன்றம் போனாள். எழுதியவரின் பெயரை நிறுவனம் தர வேண்டும் என்று கேட்டாள். உத்தரவு வருமுன், அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சம்மதத்தை நிறுவனம் கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்வித்தாள் அவள் வீட்டுக்கே வந்திருந்தது, கணவன் ஷுன்சாகுவின் பெயருக்கு.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவன் முன்னால் தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"என் தபாலை நீ ஏன் பிரிச்ச?"

"என் சூப்புல எலி விட்டது யாருன்னு பாக்கத்தான். நிரப்புங்க."

"புருஷன் மேலயே கேஸா? ஊரே சிரிக்கும், வாபஸ் வாங்கிடு."

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே வந்து சாப்பிடட்டும்."

அவன் 'சம்மதமில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுப் பேனாவை மூடினான். அவள் அதைத் திறந்து மறுபடியும் அவன் கையில் திணித்தாள்.

"காரணமும் கேட்டிருக்காங்க. எழுதுங்க."

அவன் தலை நிமிரவே இல்லை.

"கடை மூடினாதான் நீ வீட்ல இருப்பேன்னு எழுதினா, கோர்ட்ல ஒத்துக்குவாங்களா?"