தொட்டி மாறிய சிப்பிகள்

ஆய்வு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பேராசிரியை டோருனிடம் காட்ட வேண்டிய கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. கடைசியாக ஒரு படம் எடுக்கலாமென்று ராக்ன்ஹில்ட் சிப்பித் தொட்டிகள் இருந்த அறைக்கு இறங்கினாள். ‘வெதுவெதுப்பு’ என்று சீட்டு ஒட்டிய தொட்டியில் கை விட்டதும் குளிரில் விரல் விறைத்தது. ‘குளிர்’ தொட்டியோ வெதுவெதுவென்றிருந்தது.

ஈஸ்டர் விடுமுறையில் தொட்டிகளைக் கழுவியது அவளோடு சேர்ந்து ஆய்வு செய்யும் ஐவின்ட். அதன்பிறகுதான் குளிர்நீர்ச் சிப்பிகள் விறுவிறுவென வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. இருவரும் அதைப் பெரிய கண்டுபிடிப்பென்று நம்பியிருந்தார்கள்.

“மாத்தி ஒட்டிட்டேன் போல,” என்றான் அவள் கூப்பிட்டதும் இறங்கி வந்த ஐவின்ட். “இன்னைக்குச் சொல்லாத. ஆய்வு தள்ளிப் போச்சுன்னா எனக்குக் கிடைச்ச வேலை போயிடும்.”

“பொய்னு தெரிஞ்சுகிட்டே அந்த வளர்ச்சி வரைபடத்தை எப்படிடா காட்டுறது?”

“இன்னைக்கு ஒரு நாள் சமாளி.”

கூட்டத்தில் ராக்ன்ஹில்ட் முதலிலேயே சொல்லிவிட்டாள்: “ஈஸ்டர்ல கழுவினப்போ எங்க தொட்டிச் சீட்டு மாறிப்போச்சு. இந்த முடிவு தப்பு.”

டோருன் கண்ணாடியைக் கழற்றினார். “கழுவினது யாரு?”

ராக்ன்ஹில்ட் மேசையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“நான்தான்,” என்றான் ஐவின்ட்.

“அப்போ ஈஸ்டருக்கு அப்புறம் அளந்தது எதுவும் வேணாம். மறுபடி அளங்க. இலையுதிர்காலத்துல பார்ப்போம்.”

வெளியே வந்து ஐவின்ட் வேலை தருவதாகச் சொன்னவர்களிடம் தொலைபேசியில் பேசினான். “அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்களாம்,” என்றான். மறுபடி தொடங்க இருவரும் தொட்டிகளைக் காலி செய்ய இறங்கினார்கள்.